எழுத்து முடிந்து காத்திருப்போர்

எம்மிடம் முன்பு பாலபண்டித வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தி சில வாரங்களின் முன் ஒரு கடதாசிக் கட்டுடன் எம் இல்லத்துக்கு வந்தாள். அவளுடைய கணவர் கனடாவிலே ரொறன்ரோ நகரில் இருக்கிறார். திருமணம் நடந்து இரண்டாண்டு கழிந்துவிட்டது. அவளை அழைப்பித்துக்கொள்வதற்கான விண்ணப்பம் அங்கே போயிருக்கிறது; மேலும் சில சான்றுகள் வேண்டுமென்று பதில் வந்திருக்கிறது. இருவரும் தொலைபேசியில் எழுதிக்கொண்ட செய்திகளையெல்லாம் தாளில் அச்சிட்டு, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் ஆக்குவித்திருந்தாள். அந்த மொழிபெயர்ப்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டி, "ஐயா, அவையள் இதைப் பிழையா விளங்கிக்கொள்ள மாட்டினமோ?" என்று கேட்டாள்.

அவள் காட்டிய இடம் இது. ஒவ்வோர் இரவும் உரையாடலை முடிக்கையில் கணவர் "சரி, போட்டு வாறன்" என்று எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதனைச் சொல்லுக்குச் சொல்லாக, தாம் வந்துகொண்டிருப்பதாகக் கணவர் அறிவிக்கிறார் என்னும் பொருள்பட எழுதிவிட்டார். ஆகவே அக்கட்டைப் புரட்டும் அதிகாரி காணப்போவது யாது? இந்த மனிதர் எழுநூறு நாளாக வருகிறேன், வருகிறேன் என்று எழுதுகிறார், ஒருநாளேனும் வந்தாரல்லர். தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லார், அது அமங்கலமெனக் கருதப்படும், ஆதலால் 'வருகிறேன்' என்பதே எமக்குப் போதலைக் குறிக்கும் சொல் என்று விளக்கி ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த காலத்தில் இத்துணைப் பயனுள்ள உரைக்குறிப்பு ஒன்றை யாம் எழுதியதாக நினைவில்லை.

இலக்கியம் பேசவேண்டிய இப்பக்கத்திற் குடிவரவுச் சட்டம் எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். அந்தக் கட்டைப் படித்த பின்பு எமக்கு அவ்வேறுபாடு தெளிவாகத் தோன்றவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஊர்தோறும் இத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். "ஸ்பொன்சர் போட்டிருக்கு" என்னும் ஒரு தொடரோடு அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அத்தொடருக்குப் பின்னே கிடக்கும் வாழ்க்கையை எம் எழுத்தாளர் இன்னும் சரிவரத் தொடவில்லை என்பதே எம் குறை.

பிரிவைப் பற்றித் தொல்காப்பியர் வகுத்த விதிகளில், மாணவர் பரீட்சைக்கு மனனம் செய்து உடனே மறந்துவிடும் ஒன்றுண்டு. கற்பியலிலே பிரிவுக்குக் காலவெல்லை கூறப்படுகிறது. கல்வியின்பொருட்டுப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் தொழிலிற் பிரிந்தவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும். பொருள் முதலிய ஏனைப் பிரிவுகளுக்கும் அவ்வளவே. உரையாசிரியர் இச்சூத்திரங்களில் காட்டும் நுட்பங்கள் பல. அவை ஈண்டு வேண்டா. எம் கருத்தைக் கவர்வது, அந்த எல்லை யார்மேல் விதிக்கப்பட்டது என்பதே. அது தலைவன்மேல் விதிக்கப்பட்டது. கார் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் போனவன், கார் தொடங்கியும் வாராவிட்டால் பிழை அவனுடையது. தலைவி அவனை நோகலாம். தோழி அவனைக் கடியலாம். வந்த பின்பு ஊடலாம். சுவரிலே கோடிட்டு நாள் எண்ணிய பெண்ணுக்கு, எத்தனையாவது கோட்டில் தன் எண்ணிக்கை முடியும் என்பதாவது தெரிந்திருந்தது. காலம் என்பது அவ்விருவருக்கும் இடையிலே கிடந்த பொருள்.

இன்று அப்படியன்று. காலம் மூன்றாமவர் ஒருவரிடம் இருக்கிறது. அந்த மூன்றாமவருக்கு முகமில்லை; ஓர் இலக்கமே உண்டு. கணவர் வாக்குத் தவறியவரல்லர். அவரும் அங்கே காத்திருக்கிறார். மனைவி யாரோடு ஊடுவது? கோப்போடு ஊட முடியாது. எம் மாணவியின் கட்டிலே இதை யாம் கண்கூடாகக் கண்டோம். முதலாண்டுச் செய்திகளில் சிறு சிறு பிணக்குகள் உண்டு: ஏன் நேற்று எடுக்கவில்லை, ஏன் குரல் மாறியிருக்கிறது என்றவாறு. இரண்டாம் ஆண்டில் அவை நின்றுவிடுகின்றன. இருவரும் ஒருவரையொருவர் நோவதற்கு அஞ்சுகிறார்கள். "அவர் என்ன செய்வார், பாவம்" என்பது அடிக்கடி வருகிறது. பொறுமை மிகுந்தது என்று இதைக் கொண்டாடுவோர் இருக்கக்கூடும். எமக்கோ, ஊடல் இல்லாத அந்தத் தாள்களே படிக்கக் கடினமாக இருந்தன.

பொழுதும் அவர்களுக்குப் பொதுவன்று. மாலைக்காலம் பிரிந்தாரை வருத்தும் என்பது எம் இலக்கிய மரபு. முல்லைக்கு அது சிறுபொழுது. அந்த மரபில் தலைவி காணும் மாலையையே தலைவனும் பாசறையிலிருந்து காண்கிறான். ஒரே நிலவு இருவர்மேலும் விழுகிறது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வேறுபாடு. இவள் விளக்கேற்றும் நேரத்தில் அவர் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் வேலை முடிந்து வீடு வந்து உண்டு பேசத் தொடங்கும்போது இங்கே விடிந்து கிணற்றடியில் வாளி ஒலிக்கும். ஒருவருடைய மாலை மற்றவருடைய மாலையைச் சந்திப்பதேயில்லை. மார்ச்சு மாதத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அன்று எம் மாணவி முற்றத்தில் நெடுநேரம் தொலைபேசியோடு நின்றாளாம்.

இனி, இந்தக் காத்திருப்பு எவ்வாறு இயல்கிறது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் எம்மிற் பலர் அதனை ஒரு சீட்டிழுப்புப் போல எண்ணிக்கொண்டிருக்கிறோம். கனடாவில் 2002 ஜூன் முதல் நடைமுறையிலிருக்கும் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உடைய பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தம் வாழ்க்கைத் துணையை அழைக்கலாம். வரும் துணைவியை மூன்றாண்டுக்குத் தாமே தாங்குவதாக அவர் எழுதிக் கொடுக்கவேண்டும். பின்பு இங்கிருப்பவள் குறித்த மருத்துவரிடம் உடற்பரிசோதனை, பொலிஸ் நற்சான்று, கைவிரலடையாளம் ஆகியவற்றைக் கொடுக்கவேண்டும். மருத்துவப் பரிசோதனை பன்னிரண்டு மாதமே செல்லும். கோப்பு அதற்குள் நகராவிட்டால் அவள் மீண்டும் கொழும்புக்குப் பேருந்தேறி மீண்டும் இரத்தம் கொடுப்பாள். வாழ்க்கையில் ஒரு நோயும் இல்லாத பெண்கள் தாங்கள் நோயற்றவர்கள் என்பதை ஆண்டுக்கொருமுறை நிறுவி வருகிறார்கள்.

இவை யாவும் கடதாசி வேலை. கடினமானது வேறு. அந்தத் திருமணம் உண்மையானது என்று காட்டவேண்டும். இவ்விடத்தில் எம் போன்ற இலக்கண ஆசிரியர் வியக்கத்தக்க செய்தியொன்றுண்டு. ஒரு திருமணம் உண்மையற்றதாகவும் இருந்து, குடிவரவுப் பயனை முதன்மையாகக் கருதிச் செய்யப்பட்டதாகவும் இருந்தால் அதனை ஏற்பதில்லை என்று முன்னைய விதி கூறிற்று. இரண்டு குற்றமும் சேர்ந்திருக்கவேண்டும். 2010 செப்டெம்பர் 30ஆந் திகதி அவ்விதி திருத்தப்பட்டது. 'உம்' இருந்த இடத்தில் 'அல்லது' வந்து அமர்ந்தது. அன்று முதல் இரண்டில் ஒன்று போதும். இன்று கணவன் மனைவியாய் அன்போடு வாழ்பவரும், திருமணம் செய்த நாளில் அவர்தம் முதன்மை நோக்கம் கனடாவே என்று அதிகாரி கருதினால், மறுக்கப்படலாம். இடைச்சொல் தானாக நடக்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும் என்று வகுப்பிலே சொல்லிக்கொடுக்கிறோம். எத்தனை குடும்பம் அதனைச் சார்ந்து நடக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்று யாம் சொல்லவில்லை. போலித் திருமணங்கள் நடந்திருக்கின்றன. அவற்றிற் காசு கைமாறியிருக்கிறது. வந்து சேர்ந்த நாளே விமான நிலையத்தில் பிரிந்துபோனவர் கதையும் ஊரில் உண்டு. ஒரு நாடு தன் வாயிலில் காவல் வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் உண்மைத் திருமணத்தின் அடையாளங்கள் எவை என்பதில் எமக்கும் அவர்களுக்கும் பெருந்தூரம். பெண்ணும் பிள்ளையும் எத்தனை காலம் பழகினீர்கள் என்பது அங்கே முதற் கேள்வி. சாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் பேசி, மூன்று முறை தொலைபேசியில் முகம் பார்த்து ஒப்புக்கொண்டோம் என்பது எங்கள் விடை. இங்கே அது மிகச் செம்மையான கலியாணம். அங்கே அது ஐயத்துக்கு முதற் காரணம்.

யாழ்ப்பாணத்தில் வழங்கும் 'எழுத்து' என்னும் சொல்லை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பதிவாளர் முன்னிலையிற் கையொப்பமிடுவது எழுத்து. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி அது முடிந்தவுடன் அவள் மனைவி. ஊர் வழக்கிலோ, தாலி ஏறும் வரை அவள் பெற்றார் வீட்டுப் பெண். எழுத்து முடிந்தவள், அவ்வளவே. வெளிநாட்டுக் கோப்புக்காக எழுத்தை முன்னே முடித்துத் தாலியைப் பின்னே வைப்பது இன்று பெருவழக்கு. மாப்பிள்ளையின் விடுமுறைக்கும் விமானச் சீட்டுக்கும் ஏற்ப அவ்விரண்டுக்கும் இடையே மாதங்கள் கடந்துவிடுகின்றன. அதிகாரியின் மேசையில் அந்த இடைவெளி ஒரு கேள்வியாகிறது: மனைவியானால் கணவர் வந்து நின்ற நாட்களில் ஏன் பெற்றாரோடு தங்கினீர்? உண்மையான விடை, "எங்கள் அம்மா விடமாட்டா" என்பது. எந்தப் படிவத்திலும் அதை எழுத இடமில்லை.

அகதியாகப் போனவர் நிலை இதனிலும் சிக்கலானது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர், குடியுரிமை பெறுமுன் தாம் தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்றால், பாதுகாப்பு இனி வேண்டியதில்லை என்று கொண்டு அதனை நீக்கக் கூடும். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பு அதனோடு வதிவுரிமையும் போய்விடும். ஆதலால் மாப்பிள்ளை யாழ்ப்பாணம் வாரார். பெண் திருச்சிராப்பள்ளிக்கோ சென்னைக்கோ போவாள். வாடகை மண்டபத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையிலே தாலி ஏறும். இரண்டு கிழமையில் இருவரும் வேறு வேறு விமானம் ஏறுவர். பிறகு அந்தப் புகைப்படங்களை விரித்துவைத்து, உறவினர் ஏன் இத்துணைக் குறைவு, உம் கணவர் உம் வீட்டு வாயிலை ஒருமுறையேனும் மிதியாதது ஏன் என்று கேட்டால், சொல்ல வேண்டியது ஓர் இனத்தின் முப்பதாண்டு வரலாறு. இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி அதனை ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம் சில நிமிடத்திற் சொல்லி முடிக்க வேண்டும்.

இன்னொரு வகையினர் உண்டு. அவர்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம், நெஞ்சு பொறுக்காமையின். பயண முகவர் சொற்கேட்டு, வதிவுரிமைத் தாள்களில் தம்மை மணமாகாதவர் என்று எழுதிக்கொடுத்தவர்கள் அவர்கள். அவ்வாறு மறைக்கப்பட்ட மனைவியைப் பின்பு குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது என்பது விதி. 2019 செப்டெம்பர் 9 முதல் இத்தகையோர் சிலருக்கு ஒரு தளர்வு செய்யப்பட்டது. சகுந்தலையை மறந்த அரசனுக்காவது மீனின் வயிற்றிலிருந்து ஒரு மோதிரம் கிடைத்தது.

இந்தக் காத்திருப்பு எமக்கு மட்டும் நேர்ந்ததென்று மயங்கவும் வேண்டா. அதே கனடாவில் இருப்புப்பாதை அமைத்த சீனர்மேல் 1885இல் தலைக்கு ஐம்பது டொலர் வரி விதித்தார்கள்; 1900இல் அது நூறாயிற்று; 1903இல் ஐந்நூறாயிற்று. 1923 ஜூலை முதலாந் திகதி சீனர் வருகையையே ஏறத்தாழ முற்றாக அடைத்தார்கள். 1947இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. மணமாகியும் தனியரான ஆடவர் வன்கூவரிலும் விக்டோரியாவிலும் முதுமையடைந்தார்கள். அவர் மனைவியர் தென்சீனத்து ஊர்களில் வந்த காசை எண்ணிக்கொண்டு முதுமையடைந்தார்கள். 1908ஆம் ஆண்டின் இடையறாப் பயண விதியால் பஞ்சாபியரின் மனைவியர்க்கும் அதுவே கதி. 1919இலேதான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அவர்களுக்கு இசைவு கிடைத்தது. சீனர் வரிக்காக அந்நாட்டுப் பிரதமர் 2006இல் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டிய பெண்கள் அப்போது பெரும்பாலும் உயிரோடில்லை.

எம் ஊரிலும் ஒரு முன்னைய தலைமுறை உண்டு. மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் போனவர்களின் மனைவியர் அவர்கள். எம் பாட்டியார் அவர்களில் ஒருவர். மாதமொருமுறை மணியோடர் வரும். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை ஒரு புகைப்படம் வரும். 1942 முதல் 1945 வரை யப்பானியர் ஆட்சியில் இரண்டும் நின்றுபோயின. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பாட்டியார் நெல்விலை பற்றியே பேசுவார். ஆனால் அவர் ஒன்று சொல்வதுண்டு: தபாற்காரர் படலையைக் கடந்து போகும் மிதிவண்டி ஒலி அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

எம் மாணவிக்குத் தபாற்காரர் இல்லை. தொலைபேசித் திரையில் வரும் ஓர் ஒலி உண்டு. அவளைப் போன்ற பெண்கள் சிலர் ஒருவர்க்கொருவர் வட்ஸ்அப்பில் உசாவிக்கொள்கிறார்கள்: எந்த மாதம் போட்ட கோப்பு, எப்போது மருத்துவக் கடிதம் வந்தது, உமக்கு முந்திப் போட்டவளுக்கு வந்துவிட்டதா? இதனைக் கேட்டபோது எமக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்தது. அதிலே முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக் கோயிலுக்குச் சென்று நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்பர். ஆயர்மகள் ஒருத்தி கன்றை நோக்கி, உன் தாய் இப்பொழுதே வந்துவிடுவாள் என்று சொல்லும் சொல் அவர்கள் காதில் விழும். அதனை நற்சொல்லாகக் கொண்டு தலைவிக்கு உரைப்பர். தன் கன்றைப் பற்றிப் பேசிய அப்பெண்ணுக்குத் தன் சொல் வேறொருத்தியின் உயிரைத் தாங்கியது தெரியாது. இன்று மட்டக்களப்பிலிருக்கும் முகமறியாப் பெண்ணொருத்தி, எனக்குக் கடவுச்சீட்டுக் கேட்டு வந்துவிட்டது என்று எழுதினால், சாவகச்சேரியில் ஒருத்தி அன்றிரவு உறங்குகிறாள்.

2016 டிசம்பரில், இத்தகைய விண்ணப்பங்களைப் பன்னிரண்டு மாதத்தில் முடிப்பதாகக் கனடிய அரசு அறிவித்தது. தொல்காப்பியர் சொன்ன ஓராண்டோடு அது ஒத்துப்போனது கண்டு யாம் அப்போது வகுப்பில் வேடிக்கையாகப் பேசியதுமுண்டு. 2020இல் வந்த பெருந்தொற்று அக்கணக்கைக் குலைத்தது. கியூபெக் மாகாணமோ 2024 ஜூனில், அடுத்த ஈராண்டுக்குக் குடும்ப விண்ணப்பங்கள் 13,000 மட்டுமே பெறப்படும் என்று எல்லை வகுத்தது. ஒரே நாளில் விண்ணப்பித்த இரு பெண்களில் மொன்றியற்காரரை மணந்தவள் ரொறன்ரோக்காரரை மணந்தவளிலும் நெடிது காத்திருக்க நேர்ந்தது. சாதகம் பார்த்தவர்கள் மாகாணத்தையும் பார்த்திருக்கவேண்டும் போலும்.

அயல்நாட்டார் செய்வதை இவ்வளவு பேசினோம். எம் வீட்டார் செய்வதைப் பேசாது விட்டால் அது நேர்மையன்று. உண்மையைச் சொன்னால், எம் மாணவி எம்மிடம் கண்கலங்கியது கோப்பைப் பற்றிப் பேசியபோதன்று. அவளுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. "கனடாவுக்குப் போறவளுக்கு இங்கை என்ன படிப்பு?" என்று மாமியார் கேட்டாராம், பெற்றோரும் அதையே வழிமொழிந்தார்கள். இடம் போயிற்று. இரண்டாண்டுக்கு முன் சேர்ந்திருந்தால் இந்நேரம் பாதிக்குமேல் முடித்திருப்பாள். இன்று போவாள், நாளை போவாள் என்று எல்லாரும் சேர்ந்து அவளுடைய இன்றைய நாளைப் பறித்துக்கொண்டார்கள். அவளை எந்த வேலையிலும் அமர்த்துவார் இல்லை. சங்கீத வகுப்பை விட்டாள். உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால், தாலி ஏறாதவள் என்று ஆலாத்தி எடுக்க அழையார். எழுத்து முடிந்தவள் என்று குமர்ப்பெண்களோடும் சேர்க்கார். கோயில் வீதியிற் காண்பவரெல்லாம் "இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். அன்பினாலே கேட்பவரும் உண்டு. அலர் களவுக்கேயன்றிக் கற்புக்கும் உண்டென்று கற்பியலிலே தொல்காப்பியர் சொல்கிறார். கற்பினுள் இருக்கும் இவளுக்காகத் தனியே ஒரு புறனடைச் சூத்திரம் செய்யவேண்டியதில்லை.

மறுக்கப்பட்டவள் நிலை என்ன? முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யும் உரிமை கணவருக்கு உண்டு, அவளுக்கில்லை. சட்டத்தரணிக்குக் காசு கட்டவேண்டும். இதற்கிடையில், அவளில் ஏதோ குறை இருந்தபடியால்தான் விசா கிடைக்கவில்லை என்று ஊர் தீர்ப்புக் கூறிவிடும். அதிகாரி மறுத்தது ஒரு விண்ணப்பத்தை. ஊர் மறுப்பது ஒரு பெண்ணை.

போய்ச் சேர்ந்தவர்களும் எல்லாரும் கரை சேர்ந்தவரல்லர். 2012 அக்டோபர் தொடங்கி 2017 ஏப்ரல் வரை, புதிதாக மணந்து பிள்ளையின்றிப் போன பலருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: இரண்டாண்டு கணவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தாலே வதிவுரிமை நிலைக்கும். அடித்தாலும் இரு என்று அது பொருள்பட்டது. கொடுமைக்குள்ளாவோர்க்கு விதிவிலக்கு வைத்திருந்தும், மொழி தெரியாத ஊரில் அதைக் கேட்டுப் பெறுவோர் சிலரே. பெண்களுக்கு அது தீங்கென்று கண்டு அந்நாட்டரசே பின்னர் நீக்கியது.

காத்திருக்கும் ஆடவரும் உண்டு, அவர்களை மறந்தோமல்லேம். மனைவி முன்னே போய்க் கணவனை அழைப்பது இன்று அரிதன்று. அவனுக்கு எம் மரபில் ஒரு பெயர்கூட இல்லை. ஆற்றியிருத்தல் தலைவிக்கே உரியதென்று வகுத்துவிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் ஊரில் இருக்கும் அந்த இளைஞன் 'கனடா மாப்பிள்ளை' என்று கேலி செய்யப்படுகிறான். அவனைப் பற்றி எழுதப் புகுவார்க்கு முன்மாதிரி இல்லை. அது ஒரு வாய்ப்பென்றே கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் எம் இலக்கியம் என்ன செய்தது? 1983இன் பின் எழுந்த புலம்பெயர் எழுத்துக்கள் பெருமைக்குரியன. பனியையும், உணவகங்களிற் கோப்பை கழுவிய இரவுகளையும், அகதி விசாரணை மண்டபங்களையும் தமிழுக்குள் கொண்டுவந்தவை அவை. ஆயினும் அவற்றிற் பெரும்பகுதி போனவருடைய கூற்று. இங்கிருப்பவள் அவற்றிலே ஒரு புகைப்படம். தொலைபேசியின் மறுமுனையில் ஒரு குரல். பாலையைப் பாடிய பழைய புலவர் இருவர் கூற்றையும் பாடினர். தோழி கூற்றும் செவிலி கூற்றும் பாடினர். கண்டோர் கூட அங்கே பேசினர். நாமோ ஒரு கரையில் நின்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அவள் எழுதவில்லை என்பதும் பிழை. எம் மாணவியின் கட்டு நானூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அதில் மழை உண்டு, ஆட்டுக்குட்டி ஈன்றது உண்டு, அப்பாவின் இருமல் உண்டு, தன் தங்கையின் சாமத்திய வீட்டுக்கு யார் யார் வந்தனர் என்பது உண்டு. சில இடங்கள் எந்த நல்ல கதாசிரியரும் பொறாமை கொள்ளத்தக்கவை. நம் காலத்து அகத்திணையின் பெரும்பகுதி இவ்வாறு அயல்நாட்டு அலுவலகக் கோப்புகளில், சான்று என்ற பெயரோடு, மொழிபெயர்ப்பிலே கிடக்கிறது. அன்றியும், அக்கட்டின் பிற்பகுதியில் நடை மாறுவதை யாம் கவனித்தோம். தங்கள் சொற்களை மூன்றாமவர் ஒருவர் படிப்பார் என்பதை இருவரும் அறிந்துகொண்ட நாள் முதல், வாக்கியங்கள் முழுமை பெறுகின்றன. "என் அன்பு மனைவிக்கு" என்று தொடங்குகின்றன. தேதி தவறாமல் இருக்கிறது. கூற்று நிகழ்த்துவோர் யார், கேட்போர் யார் என்று செய்யுளியலிலே பிரித்து ஓதுகிறோமே, அந்தக் கேட்போர் மாறிவிட்டார். அவளிடம் இதைச் சொன்னோம். "ஓம் ஐயா. இப்ப நாங்கள் உண்மையாக் கதைக்கிறதெண்டா எழுதிறேல்லை" என்றாள்.

அகப்பொருளில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. கோப்பிலே முதலில் எழுதவேண்டியது இயற்பெயர். பிறகு பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம். அவ்விரண்டு வகை எழுத்துக்கும் இடையே அகப்பட்டிருக்கும் பெண்கள் இப்பக்கத்தை வாசிப்பவரிடையேயும் பலர் இருப்பர் என்று அறிவோம். எம் பாடசாலை ஆசிரியைகளிலேயே மூவர் உளர்.

ஆதலால் வரும் இதழ்களில் இப்பக்கத்தின் ஒரு பத்தியை அவர்களுக்காக ஒதுக்குகிறோம். கதையாகவோ கவிதையாகவோ இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பது போதும். பேச்சுத் தமிழில் வந்தாலும் திருத்தமாட்டோம். பெயர் எழுத வேண்டா.